பதினோரு ஆணிகள்

"சூசையப்பரும் மாதாவும் உங்க வீட்டுக்கு வந்தா எந்தக் கதவைத் தட்டணும்?"

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், பள்ளிக்கூடச் சமையலறையின் பின்வாசலில் நின்றுகொண்டு வெரோன் அத்தை இப்படிக் கேட்டபோது, பிரோஷ்காவின் கையில் பாதி தோலுரித்த உருளைக்கிழங்கு இருந்தது. கேள்வி காதில் விழுந்ததும் தோலை வாளித் தண்ணீரில் போட்டாள். கிழங்கைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஏன் அத்தை, வர்றவங்க எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டோமா?"

"மழுப்பாதே. எனக்குப் பதில் வேணும்."

வெரோன் அத்தை ஓய்வுபெற்ற ரயில்நிலைய அதிகாரி. முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் வண்டி வருவதையும் போவதையும் அறிவித்த தொண்டை. அவள் ரகசியம் பேசினாலும் எதிர் நடைமேடை வரை கேட்கும். இப்போதும் அப்படித்தான், உள்ளே கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கத்தியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

இடம் தேடும் ஒன்பது நாட்களுக்கு ஊரில் அத்தைதான் பொறுப்பு. இயேசு பிறக்க இடம் தேடி மாதாவும் சூசையப்பரும் அலைந்ததன் நினைவாக, டிசம்பர் பதினைந்தாம் தேதி மாலை தொடங்கி, திருக்குடும்பத்தின் படம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். வாசலில் நின்று பாடி இடம் கேட்பார்கள். கதவு திறக்கும். படம் அன்றைக்கு அந்த வீட்டில் தங்கும், மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர்களே அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஒன்பது நாள், ஒன்பது வீடு. இருபத்து நான்காம் தேதி படம் கோயிலுக்குத் திரும்பிவிடும். சீட்டுக் குலுக்கித்தான் வீடுகளை எடுப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக வராத முப்பத்திரண்டாம் எண் வீடு, இந்த வருஷம் ஐந்தாவது சீட்டாக வந்திருந்தது.

முப்பத்திரண்டாம் எண்ணுக்கு கேட் ஒன்று, தபால்பெட்டி ஒன்று, நாய் ஒன்று. கதவு மட்டும் இரண்டு. நீளமான பழைய வீடு அது. முன்பாதியில் பிரோஷ்காவும் அவள் கணவன் கெர்கோவும் இருந்தார்கள். பின்பாதியில் கெர்கோவின் அண்ணன் மனைவி யோலான் தனியாக இருந்தாள். ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. நாய்க்கு மட்டும் யாரோடும் சண்டை இல்லை. இரண்டு பக்கமும் சாப்பிட்டு உருண்டையாக இருந்தது.

"சீட்டு ஒண்ணு, எண் ஒண்ணு, படம் ஒண்ணு," என்றாள் அத்தை. "உங்க ரெண்டு பேருக்காக நான் மாதாவை ரெண்டா வெட்ட முடியாது. நீங்களே பேசி முடிவு பண்ணி, பதிமூணாம் தேதி லூசியா திருநாளுக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா உங்க வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன்."

"பேசி முடிவு பண்ணணுமா?"

"ஆமாம். வாயால. உனக்குத்தான் அது நிறைய இருக்கே!"

உள்ளே கோஸ் நறுக்குகிறவர்கள் சிரித்தார்கள். பிரோஷ்காவுக்கும் சிரிப்பு வந்தது. வாய் நிறைய இருந்ததுதான் அவளுக்குக் கேடு.

மூன்று வருஷத்துக்கு முந்திய அக்டோபரில் யோலானின் கணவர் அம்ப்ரூஷ் இறந்துபோனார். நல்ல மனுஷன். கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் நாற்காலியிலேயே சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவார். அவர் விடும் குறட்டையில் அலமாரிக் கண்ணாடி அதிரும், பிள்ளைகள் சுற்றி நின்று எண்ணுவார்கள். அவர் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு யோலான் வழக்கம்போல் கசகசா பரப்பிச் சுருட்டிய இனிப்பு ரொட்டியான கசகசாச் சுருள் சுட்டு எடுத்துக்கொண்டு, பிரோஷ்காவின் சமையலறைக்கும் தன் அறைக்கும் நடுவே இருந்த உள்கதவு வழியாக வந்தாள். சுருள் நீளவாக்கில் வெடித்திருந்தது, உள்ளே இருந்த கசகசா கரியாய் வெளியே தெரிந்தது. அந்த ஊரில் சுருள் வெடிப்பது என்றால் புதுச்சட்டையில் பித்தான் மாறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவது மாதிரி. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பிரோஷ்கா சொன்னாள்:

"அக்கா, உங்க சுருள் வாயைப் பிளந்துட்டுத் தூங்குதே! குறட்டை மட்டும்தான் பாக்கி."

பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நடுவிலேயே நின்றது. யோலான் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்கதவு வழியாகப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. பிரோஷ்கா எண்ணினாள். பதினோரு ஆணி.

மறுநாள் பிரோஷ்கா பாத்திர அலமாரியை இழுத்து அந்தக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தினாள். நீ மூடினால் நானும் மூடுவேன் என்கிற வீம்பு. வீம்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. அலமாரி அங்கேயே நின்றது.

மன்னிப்புக் கேட்க அவள் முயலாமல் இல்லை. மனதுக்குள் வாக்கியம் தயார் செய்வாள். கிழங்கு உரிக்கும்போது, தரை துடைக்கும்போது, பேருந்தில் போகும்போது. ஆனால் எந்த வாக்கியமானாலும் கடைசியில் ஒரு வேடிக்கை வந்து ஒட்டிக்கொள்ளும். 'அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு, என் வாய்க்குத்தான் நீங்க ஆணி அடிச்சிருக்கணும்.' இப்படித்தான் முடியும். இதைப் போய் யாரிடம் சொல்வது?

திருவருகைக் காலம் முழுவதும் விடியற்காலை ஆறு மணிக்குப் பூசை உண்டு. கோயிலில் மின்விளக்கு போட மாட்டார்கள், அவரவர் கொண்டுவரும் மெழுகுவத்தி வெளிச்சம்தான். யோலான் ஐந்தரைக்குக் கிளம்புவாள். கேட் கிறீச்சிடும். அதுதான் பிரோஷ்காவுக்கு மணி. உடனே சால்வையைப் போர்த்திக்கொண்டு பத்தடி தள்ளிப் பின்னாலேயே போவாள். யோலானிடம் டார்ச் விளக்கு இருந்தது. பிரோஷ்காவிடம் இல்லை, அதாவது, இருந்தது, மேசை இழுப்பறையில் புது பேட்டரியோடு. மூன்று வருஷமாக அவள் அதை எடுத்ததில்லை.

கிணற்று வளைவில் மட்டும் தரை உறைந்து வழவழவென்று கிடக்கும். யோலான் அதைத் தாண்டியதும் நின்று தலைத்துணியை இறுக்கிக் கட்டுவாள். ஒரு கையால் கட்டுவாள். இன்னொரு கை டார்ச்சோடு இடுப்புக்குப் பின்னால் தொங்கும், வெளிச்சம் பனிக்கட்டிமேல் விழுந்துகிடக்கும். பின்னால் வரும் காலடி வளைவைக் கடந்ததும் தலைத்துணி சரியாகிவிடும். திரும்பிப் பார்த்ததில்லை, ஒரு நாளும்.

வெரோன் அத்தை வந்துபோன மறுநாள் பிரோஷ்கா வளைவில் நின்று, மூச்சை இழுத்து, "அக்கா!" என்றாள்.

டார்ச் அசையவில்லை.

"அக்கா... ரொம்பக் குளிருதுல்ல?"

தலைத்துணி கட்டி முடிந்தது. பிரோஷ்கா தன்னைத் தானே மனதுக்குள் திட்டிக்கொண்டே மீதித் தூரம் நடந்தாள். மூன்று வருஷம் கழித்து வாய் திறந்து சொன்னது வானிலை அறிக்கை!

பூசையில் சாமியார் சுருக்கமாகப் பேசினார். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது, அதனால் எல்லா வருஷமும் டிசம்பரில் அவர் பிரசங்கம் நன்றாக இருக்கும். "வர்றவருக்காக வீட்டை மொழுகி, கண்ணாடி துடைக்கிறீங்க. நல்லது. வழியில குறுக்கே என்ன கிடக்குன்னும் கொஞ்சம் பாருங்க," என்றார். பிரோஷ்காவுக்குத் தன் பாத்திர அலமாரி ஞாபகம் வந்தது. சாமியாருக்கு யார் சொன்னது என்று திரும்பி வெரோன் அத்தையைப் பார்த்தாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பரம பக்தியாக இருந்தாள்.

கடைசியில் தூது போகிற வேலை கெர்கோவுக்கு வந்தது. அவன் டிராக்டர் பழுது பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். அண்ணிக்கு விறகு பிளந்து கொடுப்பது, கூரை பார்ப்பது எல்லாம் அவன்தான். லூசியா திருநாளுக்கு முந்திய மாலை அவன் பின்பாதிக்குப் போய்விட்டு வந்தான்.

"என்னங்க சொன்னாங்க?"

"விறகு ஈரமா இருக்காம்."

"அதைக் கேட்டு வரவா உங்களை அனுப்பினேன்?"

"இரு, வர்றேன். படத்தைப் பத்திக் கேட்டேன். 'யார் கதவையும் நான் தடுக்கலப்பா. தெருவுல இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு கதவும் திறந்துதான் கிடக்கு. நான் அடைச்சது ஒரே ஒரு கதவைத்தான்'னாங்க."

"அப்படியேவா சொன்னாங்க?"

"அப்படியேதான். அப்புறம் மறுபடி விறகைப் பத்திச் சொன்னாங்க."

பிரோஷ்கா அடுப்படியில் கரண்டியோடு நின்றாள். அடைத்தது ஒரே ஒரு கதவு. அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பாத்திர அலமாரியைப் பார்த்தாள்.

"ஏங்க, சூசையப்பர் எத்தனை கதவைத் தட்டினார்?"

"எனக்கென்ன தெரியும், நான் கூடப் போகலையே."

"ஒண்ணு திறக்கலன்னா அடுத்ததைத் தட்டினார்ல? நம்ம வீட்டுக்குள்ள வந்தப்புறமும் ஒரு கதவைத் தட்டினா என்ன?"

கெர்கோவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் சொன்ன முதல் விஷயம், "ஆணி அந்தப் பக்கம் இருக்கு," என்பது.

"தெரியும். அதனாலதான் தட்டணும்."

மறுநாள், கிறிஸ்துமஸுக்குள் முளைத்து நிற்பதற்காகத் தட்டில் லூசியா கோதுமை விதைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, நேராக வெரோன் அத்தை வீட்டுக்குப் போனாள். படத்தை முதலில் என் கதவுக்குக் கொண்டு வாருங்கள், பிறகு என் சமையலறைக்குள்ளேயே நின்று உள்கதவைத் தட்டி இன்னொரு முறை இடம் கேட்போம், என்றாள். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாப்பது வருஷமா இதை நடத்துறேன். வீட்டுக்குள்ள நின்னு சுவத்தைப் பார்த்து இடம் கேட்டதே இல்லையடி."

"கூடாதா?"

"கூடாதுன்னு யார் சொன்னது?" அத்தையின் முகம் விளையாட்டுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி ஆகியிருந்தது. "ஆனா அவ திறக்கலன்னா? இருபது பேர் முன்னால நிக்கணும் நீ."

அதுதான் பிரோஷ்காவையும் முந்திய ராத்திரி தூங்கவிடாமல் செய்தது, தனக்காக அல்ல. ஏற்கெனவே ஒருமுறை பன்னிரண்டு பேர் முன்னால் யோலானைத் தலைகுனிய வைத்தாகிவிட்டது. இப்போது இருபது பேரைக் கூட்டி வந்து, திற திற என்று கதவைத் தட்டினால் அதுவும் அதே வேலைதான். அதனால் முன்கூட்டியே சொல்லி அனுப்பினாள். கெர்கோவை மூன்று முறை ஒப்பிக்க வைத்து அனுப்பினாள்: உள்கதவைத் தட்டுவோம். இரண்டே இரண்டு சரணம் பாடுவோம். திறக்க மனமில்லை என்றால் திறக்க வேண்டாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், படத்தை நேராக அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எனக்கு மட்டும் என்று அது வேண்டாம்.

"என்ன சொன்னாங்க?"

"கேட்டுக்கிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"விறகு இப்போ பரவாயில்லையாம்."

பத்தொன்பதாம் தேதி பள்ளிக்கூடத்தில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். தரை தேய்த்தாள். திரைச்சீலை மாற்றினாள். கசகசாச் சுருளுக்கு மாவு பிசைந்து, கசகசாவைப் பாலில் சர்க்கரையோடு காய்ச்சி, பரப்பி, சுருட்டினாள். முட்டை மஞ்சள் பூசிக் குளிரில் காயவைத்து, பிறகு வெள்ளை பூசி மறுபடி காயவைத்து, அடுப்பில் வைக்கும் முன் முள்கரண்டியால் பக்கவாட்டில் குத்திவிட வேண்டும், ஆவி வெளியே போவதற்கு. பதினெட்டு வயதிலிருந்து செய்கிற வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். ஆனால் அன்று அவள் மனம் முழுக்க மறுபடி அந்த வாக்கியத்தைச் செய்துகொண்டிருந்தது. 'அக்கா, நான் அன்னைக்கு...' அடுப்புக் கதவைத் திறந்தபோது மூன்று சுருள்களில் ஒன்று நீளவாக்கில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெடித்திருந்தது. மற்ற இரண்டும் அதைப் பார்த்துப் பழகியவைபோல அங்கங்கே வாயைப் பிளந்திருந்தன. குத்துவதற்காகக் கழுவி வைத்த முள்கரண்டி தொடாமலே மேசைமேல் கிடந்தது.

கெர்கோ எட்டிப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று நினைத்ததில் அவனுக்கு இருமல் வந்தது.

"சர்க்கரைப் பொடி நிறையத் தூவிட்டா தெரியாது. பனி பெய்ஞ்ச மாதிரி இருக்கும்."

"வேண்டாம்."

"மிக்‌ஷா ரொட்டிக்கடையை இன்னும் மூடியிருக்க மாட்டான். போய் வாங்கிட்டு வந்திடட்டுமா?"

"வேண்டாங்க. இதையேதான் வைப்பேன்." அவள் மூன்றிலும் மோசமானதை எடுத்து, வெடிப்பு மேலே தெரிகிற மாதிரி தட்டின் நடுவில் வைத்தாள். சர்க்கரைப் பொடி தூவவில்லை. பிறகு இருவருமாகப் பாத்திர அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் சுவர்ச்சாயம் மூன்று வருஷம் பழையதாக, இன்னும் மஞ்சளாக இருந்தது. நடுவில் பழுப்புக் கதவு. தரையில் பிள்ளைகள் விளையாடித் தொலைத்த கோலிக்குண்டு ஒன்றும் தேக்கரண்டி இரண்டும் கிடந்தன.

"இந்தக் கரண்டியைத் தேடி என்னை எவ்வளவு திட்டின!" என்றான் கெர்கோ.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தெருமுனையில் மெழுகுவத்திகள் தெரிந்தன. கூட்டம் கேட்டைத் திறந்து வந்து, பிரோஷ்காவின் வாசலில் நின்று பாடிற்று: தூரத்திலிருந்து வருகிறோம், குளிரில் நிற்கிறோம், வீட்டில் இடம் உண்டா. முதல் சரணம் முடிவதற்குள் பிரோஷ்கா கதவைத் திறந்துவிட்டாள். மிச்சத்தைத் திறந்த கதவுக்கு முன்னால் பாட வேண்டியதாயிற்று. இருபது பேரும் ஒரு நாயும் சமையலறைக்குள் வந்து அடைந்தார்கள். நாய் எல்லோருக்கும் முன்னால் வந்தது.

நான்காவது வீட்டுக்காரர்கள் படத்தைப் பிரோஷ்காவின் கையில் கொடுத்தார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பழைய மரச்சட்டம், நடுவில் மாதா, பக்கத்தில் கையில் கோலோடு சூசையப்பர். எத்தனையோ வருஷம் எத்தனையோ வீடு நடந்த களைப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. அவள் படத்தோடு திரும்பி, அலமாரி இருந்த இடத்துக்குப் போய், பழுப்புக் கதவுக்கு முன்னால் நின்றாள். சமாசாரம் தெரியாத சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இது என்ன, பாத்திரம் வைக்கிற அறையா?" என்றான் ரொட்டிக்கடை மிக்‌ஷா.

"உன் வாயை மூடு. பாடும்போது மட்டும் திற," என்றாள் வெரோன் அத்தை.

பிரோஷ்கா தட்டினாள். மூன்று தட்டு. உள்ளே சத்தமில்லை. கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு ஒன்று மட்டும் இருந்தது.

அத்தை பாட்டைத் தூக்கிவிட்டாள். ரயிலுக்கே கேட்கிற குரல், சின்னச் சமையலறை, ஜன்னல் அதிர்ந்தது. எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தூரத்திலிருந்து வருகிறோம், குளிரில் நிற்கிறோம். அடுப்புப் பக்கத்தில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் குளிரில் நிற்கிறோம் என்றே பாடினார்கள். பிரோஷ்கா பாடவில்லை. வெளிச்சக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு தடவை மறைந்து மறுபடி தெரிந்த மாதிரி இருந்தது. நிச்சயமில்லை.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணமும் முடிந்தது. சொன்னபடி நிறுத்தினார்கள்.

கதவு கதவாகவே இருந்தது. பிரோஷ்காவுக்குப் படம் கையை இழுத்தது. சரி, கேட்டாயிற்று, திறக்க வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான், என்று நினைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டுவது தெரியாதிருக்க முகத்தைச் சூசையப்பர் பக்கம் சாய்த்துக்கொண்டு, திரும்புவதற்கு ஒரு காலை எடுத்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றது கதவு. "ஆணி இன்னும் எட்டு இருக்கு!"

சமையலறை ஒரு நொடி விழித்தது. பிறகு யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள், அதற்குப் பிறகு எல்லோரும். பாட்டுச் சத்தத்தில் ஆணி பிடுங்கும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது கேட்டது: இரும்பு மரத்தை விட்டு வருகிற கிறீச்.

"பாடுங்க, பாடுங்க!" என்று அத்தை கையை வீசினாள். "மூணாவது சரணம்!"

மூன்றாவது சரணத்தில் இரண்டு ஆணி வந்தது. நான்காவது சரணத்தில் இரண்டு. அத்தோடு பாட்டில் சரணம் தீர்ந்துபோயிற்று. அத்தை யோசிக்கவே இல்லை, முதல் சரணத்துக்குத் திரும்பினாள். பிந்தி வருகிற வண்டிக்காகத் திரும்பத் திரும்ப அறிவிப்புச் செய்த அனுபவம். பாதியில் மறுபடி உள்ளேயிருந்து குரல்:

"கெர்கோ! இந்தக் குறடு வழுக்குது. உன் பெரிய குறடு எங்க?"

"பட்டறையில அண்ணி! நடுவுல உள்ள ஆணி வளைஞ்சிருக்கும், பக்கவாட்டுல இழுங்க!"

"வளைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாதா? அடிச்சவ நான்தானே!"

கெர்கோ செருப்போடு பனியில் ஓடினான். பட்டறைக்கும், அங்கிருந்து வீட்டைச் சுற்றி யோலானின் வாசலுக்கும் அவன் ஓடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பின்னாலேயே நாய்.

"அந்தப் பக்கக் கதவு திறந்துதானே இருக்கு?" என்றான் மிக்‌ஷா. "நாமளும் சுத்திப் போயிட்டா இந்நேரம் டீ குடிச்சிருக்கலாமே."

இருபது பேரும் ஒரே சமயத்தில் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் முதல் சரணத்தை மற்ற எல்லோரையும்விட உரக்கப் பாட ஆரம்பித்தான்.

பெரிய குறட்டுக்கு மீதி ஆணிகள் மளமளவென்று வந்தன. பிரோஷ்கா எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினோராவது கீழே விழுந்து தரையில் உருண்ட சத்தம் கேட்டது. கதவு அந்தப் பக்கமாக ஒரு விரல் அளவு திறந்து, சிக்கி, நின்றது. மூன்று வருஷ ஈரத்தில் மரம் உப்பியிருந்தது. "நீங்க தள்ளுங்களேன், பொம்மை மாதிரி நிக்காம!" என்றாள் யோலான். பிரோஷ்கா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தோளால் ஓர் இடி இடித்தாள்.

திறந்த வேகத்தில் உள்ளே போய் விழாமல் பிடித்தது யோலானின் கைதான். ஒரு கையில் குறடு. தலைத்துணி சரிந்து, நெற்றியில் துரு. அவளுக்குப் பின்னால் மேசையில் வெள்ளை விரிப்பு போட்டிருந்தது, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவத்தி வளையத்தில் மூன்று ஏற்றியிருந்தது, பக்கத்தில் தட்டில் லூசியா கோதுமை விரல் உயரம் முளைத்திருந்தது. அந்த மேசையை இன்றைக்குத் தயார் செய்ததாகத் தெரியவில்லை. விரிப்பின் மடிப்புக்கூட அமர்ந்துவிட்டிருந்தது.

இருவரும் படத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி வாசற்படியில் நின்றார்கள். இப்போது இதை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. யோலான் தன் மேசையைப் பார்த்தாள், பிரோஷ்கா தன் மேசையைப் பார்த்தாள். யோலான் காலால் ஒரு முக்காலியை இழுத்து நிலைப்படிமேல் நிறுத்தினாள், பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். படம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது.

"நாளைக்கு வரைக்கும் கதவை மூட முடியாதே," என்றார் யாரோ.

"அதுக்குத்தான்," என்றாள் வெரோன் அத்தை.

முழங்காலில் இருந்து செபித்தார்கள். பாதிப் பேர் பிரோஷ்காவின் தரையில், பாதிப் பேர் யோலானின் தரையில். எழுந்ததும் டீ வந்தது, சூடான ஒயின் வந்தது, பேச்சு வந்தது. மிக்‌ஷா மேசைப் பக்கம் போனவன், தட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். மற்றவர்களும் பார்த்தார்கள். நீளவாக்கில் வாயைப் பிளந்த கசகசாச் சுருள். அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு பேரில் இருந்தவர்கள் நான்கைந்து பேர் இங்கேயும் இருந்தார்கள். டீக் கரண்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

பிரோஷ்கா கத்தியால் சுருளைத் துண்டு போட்டுத் தட்டை யோலானிடம் கொண்டுபோனாள்.

"அக்கா," என்றாள். மூன்று வருஷமாகத் தயார் செய்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதன் வாலில் இருந்த வேடிக்கையும் கூடவே வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் விழுங்கினாள். முதல் தடவையாக, சொல்ல ஒன்றுமில்லாமல், தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

யோலான் சுருளைப் பார்த்தாள். இப்போது அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். எது சொன்னாலும் நியாயம், எல்லோரும் சிரிக்கவும் தயாராக இருந்தார்கள். அவள் உதட்டின் ஓரம் ஒருமுறை துடித்தது. தட்டில் இருந்ததிலேயே வெடிப்பு அகலமான துண்டாகப் பார்த்து எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்றாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்தாள், அதைக் கைக்குட்டையில் சுற்றி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நிலைப்படி ஓரம் கிடந்த ஆணிகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பெரிய குறட்டோடு சேர்த்துக் கெர்கோவின் கையில் கொடுத்தாள்.

முக்காலியைத் தொடாமல் ஒருக்களித்து, படத்தைக் கடந்து, தன் பக்கம் போனாள். பிரோஷ்கா தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மேசையில் கிடந்த டார்ச்சை எடுத்து, எரியவைத்துப் பார்த்து, விடியற்காலைப் பூசைக்காக உள்கதவுக்கு இந்தப் பக்கம், பிரோஷ்காவின் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள் யோலான். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல், கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, உள்ளே போய்விட்டாள்.